அமைப்பியல் பாடம் கூவாகத்தில் தொடங்கட்டும்

இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் அமைப்பியல் என்றால் என்ன என்று கேட்டால் பதில் தடையில்லாமல் வரும். சசூர் வருவார். குறிப்பானும் குறிப்பீடும் வரும். லெவி-ஸ்ட்ராஸ் வருவார், கூடவே இருமை எதிர்வு வரும். இரவு–பகல், ஆண்–பெண், மேல்–கீழ் என்று மூன்று சோடிகளைச் சொல்லி முடிப்பார். 'சரி, உங்கள் ஊர்க் கதை ஒன்றை எடுத்து இந்த முறையில் பிரித்துக் காட்டுங்கள்' என்றால் பேச்சு நின்றுவிடும். குற்றம் அவர் மேல் இல்லை. வினாத்தாள் அவரிடம் கேட்பதெல்லாம் 'அமைப்பியல் திறனாய்வு குறித்துக் கட்டுரை வரைக' என்பதுதான். நான்கு பெயர், இரண்டு ஆண்டு, ஒரு வரையறை எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமைப்பியலில் மனப்பாடம் செய்வதற்கு அதிகம் ஒன்றும் கிடையாது. அது செய்து பார்க்கிற வேலை. ஒரே கதையின் பல வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறுகிறது, எது அசையாமல் நிற்கிறது, ஒன்று மாறினால் அதோடு சேர்ந்து வேறு எது மாறுகிறது என்று பார்ப்பதே அதன் அடிப்படை. வேண்டியது பல வாய்களில் பலவிதமாகச் சொல்லப்படும் கதை. அந்தச் சரக்கு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் அதற்குப் பிறகு தலைப்புச் செய்தியானது பெரும்பாலும் பள்ளிக் கலவரத்துக்காகவும் கள்ளச்சாராயச் சாவுகளுக்காகவும்தான். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகம், திருக்கோவிலூரில் ஆற்றுக்கு நடுவே நிற்கும் கபிலர் குன்று, மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலை மூன்றும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. திறனாய்வு வகுப்புக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

தமிழுக்கு இந்தச் சிந்தனை நேற்று வந்ததல்ல. தமிழவன் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூலை வெளியிட்டது 1982இல். சிறுபத்திரிகைகளில் அதை ஒட்டி எழுந்த சண்டை கொஞ்ச நஞ்சமல்ல. புரியாத மொழி என்றார்கள் ஒருசாரார். வரலாற்றையும் வர்க்கத்தையும் வழித்துப் போட்டுவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் காட்டுகிற முறை என்றார்கள் மார்க்சியர்கள். அதே காலத்தில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து போன்றவர்கள் இந்த முறைகளை நாட்டார் வழக்காறுகளோடு சேர்த்துப் படித்தார்கள். அங்கே அது பிழைத்தது. கையில் கதைகள் இருந்தன. மற்ற இடங்களில் சண்டை ஓய்ந்தது, பெயர்கள் மட்டும் பாடத்திட்டத்தில் தங்கிவிட்டன.

கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டுத் தொடங்கலாம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று பெயர்கள்: அபிமன்யு, கடோத்கசன், அரவான். மூவரும் பாண்டவர் பிள்ளைகள், மூவரும் பாரதப் போரில் சாகிறார்கள். மேலே நான்கு தலைப்புகள்: தாய் யார், சாவால் யாருக்கு லாபம், அழுதது யார், வாரிசு என்ன ஆனது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கட்டத்தை நிரப்ப எந்தக் கைடும் வேண்டாம்.

அபிமன்யுவின் தாய் சுபத்திரை, கிருஷ்ணனின் தங்கை, அரண்மனைப் பெண். அவன் சாவுக்கு அர்ச்சுனன் துடிக்கிறான், மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று சபதம் போடுகிறான். அவன் மகன் பரீட்சித்துதான் கடைசியில் அரியணை ஏறுகிறான். கடோத்கசனின் தாய் இடும்பி, காட்டுப் பெண். கர்ணன் அர்ச்சுனனுக்காகப் பத்திரப்படுத்தியிருந்த சக்தி ஆயுதம் இவன்மேல் செலவாகிவிடுகிறது. பாண்டவர்கள் கலங்கி நிற்கையில் கிருஷ்ணன் மகிழ்ந்து ஆடுகிறான் என்று வியாசரே சொல்கிறார். அரவானின் தாய் உலூபி, நாகர் குலத்துப் பெண். அவனுக்கும் அரண்மனைக்கும் தொடர்பு அப்பன் வழி மட்டுமே.

கட்டம் நிரம்பும்போதே மாணவர்களுக்கு ஒன்று தட்டுப்படும். அரண்மனைத் தாயின் பிள்ளைக்குக் கண்ணீரும் பழிக்குப் பழியும் அரசுரிமையும் கிடைக்கின்றன. வனத்துத் தாய்களின் பிள்ளைகள் போருக்குப் பயன்படுகிறார்கள், அத்தோடு சரி. காவியம் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று கதைகளையும் தனித்தனியாகப் படித்தவருக்கு இது தெரியவும் தெரியாது. நெடுக்கிலும் குறுக்கிலும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தெரிகிறது. லெவி-ஸ்ட்ராஸ் 1955இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இடிபஸ் கதையைப் பத்தி பத்தியாகப் பிரித்து வைத்துச் செய்தது இந்த வேலைதான்.

அடுத்த வகுப்பில் அரவானை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வியாச பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். பலி என்ற பேச்சே அங்கு இல்லை. தமிழில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் அவன் களப்பலி ஆகிறான். வில்லிபுத்தூராரிடமும் களப்பலி உண்டு. பலியான பிறகும் போரைப் பார்க்கும் வரத்தை அவன் கிருஷ்ணனிடம் கேட்டு வாங்குகிறான். கூவாகம் கூத்தாண்டவர் கோயில் வழக்கில் இன்னொன்று சேர்கிறது: சாவதற்கு முன் அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், நாளைக்குச் சாகப் போகிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை, கிருஷ்ணனே மோகினியாக வந்து கழுத்தை நீட்டுகிறான்.

நான்கையும் வரிசையாக வைத்தால் ஒரு சங்கிலி தெரியும். சாவு போருக்கு நடுவிலிருந்து போருக்கு முன்னால் நகர்கிறது. நகர்ந்ததும் அது விபத்தாக இல்லாமல் சம்மதமாகிவிடுகிறது. சம்மதித்துச் சாகிறவனுக்குக் கேட்டவர்கள் கடன்படுகிறார்கள். கடனை அடைக்க வரம் வருகிறது. வரம் கல்யாணமானால் கூடவே ஒரு விதவை பிறந்தாக வேண்டும். ஒரு கல்லை நகர்த்தினால் சுவர் முழுக்க அசைகிறது. அமைப்பு என்று மேல்நாட்டார் சொன்னது இந்த அசைவைத்தான். இந்த ஒரு பயிற்சியைச் செய்து முடித்த மாணவருக்குப் பிறகு சசூரைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், பாதி வகுப்பு மிச்சமாகும்.

முதல் கட்டத்தில் அரவானுக்கு நேரே 'அழுதது யார்' என்ற இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்ததல்லவா? சித்திரையில் கூவாகத்தில் அது நிரம்புகிறது. நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர், அரவான் பலியாகும் இடமான அழிகளத்துக்குப் போனபின் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி மாரடித்து அழுகிறார்கள். காவியம் கண்ணீர் ஒதுக்காத பிள்ளைக்கு, ஊர் மனைவி என்ற இடம் ஒதுக்காதவர்கள் வந்து மனைவியாக அழுகிறார்கள். இங்கேதான் அவசரக்கார மாணவர் 'ஆண்–பெண் எதிர்வு, இடையில் திருநங்கை, முடிந்தது' என்று எழுதிவிடுவார். அவரை ஆசிரியர் பிடித்து நிறுத்த வேண்டும். சுற்றுவட்டாரத்து ஆண்களும், கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி உள்ளவர்கள்கூட, நேர்த்திக்கடனாக அங்கே தாலி கட்டிக்கொள்கிறார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் வைப்பது? சூத்திரம் இங்கே இடிக்கிறது. இடிக்கிற இடத்தில்தான் திறனாய்வு தொடங்குகிறது என்பது என் கட்சி.

ராஜஸ்தானில் காட்டு என்ற ஊரில் ஷியாம் என்ற பெயரில் வழிபடப்படும் பார்பரீகன் கதையையும் ஒரு வரிசையாகச் சேர்க்கலாம். அவனும் கிருஷ்ணன் கேட்டுத் தலையைக் கொடுத்தவன், அந்தத் தலையும் உயரத்திலிருந்து போர் முழுவதையும் பார்க்கிறது. அவன் யார்? மரபுக் கதைப்படி கடோத்கசனின் மகன், இடும்பியின் பேரன். அரவானுக்குப் பதில் இன்னொரு வனத்துப் பிள்ளை அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இதைக் கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

நம் தமிழ்த் துறைகளில் ஒரு பழக்கம் உண்டு. மாணவி தன் ஊர் வழக்கைச் சொன்னால், 'மூலத்தில் அப்படி இல்லையம்மா' என்று திருத்துவோம். மூலம் என்றால் வியாசர் அல்லது வில்லிபுத்தூரார். லெவி-ஸ்ட்ராஸ் இதற்கு நேர் எதிராக நின்றவர். ஒரு தொன்மம் என்பது அதன் எல்லா வடிவங்களும் சேர்ந்ததே, அவற்றில் உண்மையான வடிவம் என்று தனியாக ஒன்று இல்லை என்றார். அமெரிக்கக் கண்டத்துத் தொல்குடிகளின் 800க்கு மேற்பட்ட தொன்மங்களை நான்கு பெருந்தொகுதிகளில் அவர் அடுக்கியது இந்த நம்பிக்கையில்தான். பாரிஸ் பேராசிரியரின் இந்தக் கொள்கை கள்ளக்குறிச்சி வகுப்பறையில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பெண்ணின் பாட்டி சொன்ன கதை, வில்லிபுத்தூராருக்குப் பக்கத்து வரிசையில் சமமாக உட்காரும். அமைப்பியலை இங்கே கற்பிக்கச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி மலை ஏறலாம். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறினால் சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் விளையும் மலையாளிகளின் ஊர்கள் வருகின்றன. தமிழ் பேசும் இந்தப் பழங்குடியினர் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, சவ்வாது மலைகளிலும் வாழ்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இவர்களின் பிறப்புக் கதை பதிவாகியிருக்கிறது. காஞ்சியிலிருந்து கிளம்பிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் தங்கள் தெய்வம் கரிராமனைத் தொடர்ந்து வெவ்வேறு வழிகளில் மலை ஏறி, வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்கள் என்பது அதன் சாரம். யார் எந்த மலைக்குப் போனார், யாரை மணந்தார் என்பதில் வடிவங்கள் வேறுபடுகின்றன. கல்வராயன் எந்த அண்ணனின் பங்கு? மலையிலிருந்து வரும் மாணவர் விடுமுறையில் ஊருக்குப் போய்க் கேட்டு வர வேண்டிய முதல் கேள்வி இது. வெள்ளிமலையில் ஒரு பதிலும் சேலம் மாவட்டப் பக்கம் கருமந்துறையில் வேறு பதிலும் கிடைத்தால் வகுப்புக்கு அது கொண்டாட்டம்.

இந்தக் கதைக்குப் பக்கத்தில் திருக்கோவிலூர்க் கதையை வைத்துப் பாருங்கள். பறம்பு மலையை ஆண்ட பாரி வீழ்ந்த பிறகு அவன் பெண்கள் மலையை விட்டு இறங்குகிறார்கள். கபிலர் அவர்களை அழைத்துக்கொண்டு அலைகிறார், கேட்ட மன்னர்கள் மறுக்கிறார்கள். பாரியின் பெண்ணைத் திருக்கோவிலூர்த் தலைவன் மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றில் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. பெண்களை அந்தணரிடம் ஒப்படைத்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. ஔவையார் நடத்திவைத்த கல்யாணம் என்பது பிற்கால வழக்கு. அண்ணன்கள் கதையில் ஆண்கள் ஏறுகிறார்கள், இங்கே பெண்கள் இறங்குகிறார்கள். அங்கே நகரத்தை விட்டவர்கள் மலையில் பெண் எடுக்கிறார்கள், இங்கே மலையை இழந்தவர்களைச் சமவெளியில் கட்டிக்கொடுக்கிறார்கள். ஏறிய கதையிலிருந்து ஒரு குலம் பெருகுகிறது, இறங்கிய கதை ஒரு புலவரின் சாவில் முடிகிறது. அவர் செத்த இடமோ மலையுமில்லாத தரையுமில்லாத இடம், ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை, தண்ணீருக்குள் நெருப்பு. இந்த இரண்டு கதைகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றதுபோல் தெரிகிறது, ஏன் என்று கேட்கலாம் என்கிறேன்.

ஏறுவதும் இறங்குவதும் பேசப்படும்போது திணை நினைவுக்கு வராமல் இருக்காது. முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் பிரித்த பிரிப்பும், உரிப்பொருள் தவிர்த்த மற்றவை திணை மாறிக் கலக்கலாம் என்று அது வைத்த விதியும் அமைப்பியல் வகுப்புக்குக் கைகொடுக்கும். எது இடம் மாறலாம், எது மாறக்கூடாது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதற்காக 'உலகின் முதல் அமைப்பியலாளர் தொல்காப்பியரே' என்று மேடையில் கைதட்டல் வாங்குபவர்களைக் கண்டால் எனக்கு அலுப்புத்தான் மிஞ்சுகிறது. அவர் செய்தது செய்யுளுக்கு இலக்கணம். அதைக் கருவியாகப் பயன்படுத்துவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இந்த முறை எங்கே வாயடைத்துப் போகிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லியாக வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். வரி அவர்களுக்கு, கூலியில்லாத உழைப்பும் அவர்களுக்கு. புத்திசாலி மாணவர் ஒருவர் உடனே கையைத் தூக்குவார்: மூன்று அண்ணன்கள், மூன்று ஜாகிர்கள், பொருந்துகிறதே! பொருந்தவில்லை. அண்ணன்கள் கதை பல மலைகளைப் பங்கிடுகிறது, ஜாகிர் கணக்கு ஒரே மலைக்குள் நிற்கிறது. எண் ஒத்துப்போனாலே அமைப்பு என்று தாவுவது இந்த முறையைக் கற்கிறவர்களுக்கு வரும் முதல் வியாதி. ஜாகிர் காலத்து உழைப்பைச் சொல்லும் பாட்டோ பழமொழியோ கிடைத்தால் அதைக் கட்டத்துக்குள் அடைக்க முயலாமல் காலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1980களில் மார்க்சியர்கள் போட்ட சண்டையில் இந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. பட்டியல் பழங்குடிகளின் அரசாணையில் மலையாளிகள் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்று பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நிலையில் 'நாங்கள் காஞ்சியிலிருந்து வந்தோம்' என்ற கதை வெறும் கதையா? அதை வகுப்பில் சொல்லத் தயங்கும் மாணவர் இருக்கலாம், பெருமையாகச் சொல்பவரும் இருக்கலாம். சாதிச் சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டுக்கும் காரணம் உண்டு. யார் யாரிடம் எதற்காக அந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு லெவி-ஸ்ட்ராஸின் கட்டங்களில் இடமில்லை. அந்த இடத்தை ஆசிரியர்தான் போட்டுக்கொடுக்க வேண்டும்.

கவிதைக்குப் போனால் ஆபத்து வேறு. மொழியியலாளர் யாகப்சனும் லெவி-ஸ்ட்ராஸும் 1962இல் போதலேரின் 'பூனைகள்' கவிதையை ஒலி ஒலியாக, அடி அடியாகப் பிரித்தார்கள். நான்காண்டு கழித்துத் திறனாய்வாளர் ரிஃபாதேர் கேட்டார்: நீங்கள் காட்டும் ஒழுங்குகளில் எத்தனையை ஒரு வாசகர் உண்மையிலேயே உணர்கிறார்? நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கேள்வி இது. எதிர்வுகளைப் பட்டியல் போட்டபின் 'அதனால் என்ன?' என்று ஒரு வரி எழுதாதவருக்கு மதிப்பெண் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடலாம்.

காலமில்லை, பாடத்திட்டம் இடம் தராது என்பார்கள். பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அதற்காக மாணவர்கள் நூலகப் புத்தகத்தைப் பார்த்து எழுதித் தரும் ஒப்படைப்புகளை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. அதற்குப் பதில் ஒரு கதை, அதன் இரண்டு வடிவங்கள், சொன்னவர் யார், எங்கே, எப்போது, ஒரு கட்டம், ஒரு பக்க விளக்கம் என்று கேட்டால் போதும். எழுத்துத் தேர்வில் முன்பின் படித்திராத ஒரு சிறுகதையையோ நாட்டார் கதையையோ அச்சடித்துக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். ஒரே விடை இருக்காது என்பதால் திருத்துபவர்களுக்குத் தொல்லைதான். விடைக்குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திருத்திப் பழகிய கைகள் அவை. அவர்களை ஒருநாள் கூட்டி உட்காரவைத்து நான்கைந்து மாதிரி விடைகளைச் சேர்ந்து திருத்தச் செய்தால் பழகிவிடும்.

சேரும் கதைகளை என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மலை மக்களிடமிருந்து கதையும் பாட்டும் மருந்தும் எடுத்துப் போனவர்கள் பலர், திரும்பிப் போய்க் காட்டியவர்கள் சிலர். சொன்னவரின் ஒப்புதல் இல்லாமல் பெயரோ குரலோ பதிவாகக் கூடாது. சில கதைகள் ஊருக்கு வெளியே சொல்லக் கூடாதவையாக இருக்கும். அவற்றைக் கேட்டு வந்த மாணவர், கேட்டேன், எழுத மாட்டேன் என்று சொன்னால் அதற்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். மற்றவற்றின் ஒரு படி கல்லூரி நூலகத்திலும் இன்னொன்று மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் இருக்கட்டும்.